மக்கள்தொகை: 1



வரலாறு என்றவுடன் நம் மாணவர்களுக்கு அரசர்களும் போர்களும் கோட்டைகளும்தாம் நினைவுக்கு வருகின்றன. தேர்வுத்தாளும் அவர்களை அப்படியே பழக்கி வைத்திருக்கிறது. இன்று நான் எழுத எடுத்துக்கொண்டது அரசனும் இல்லாத, போரும் நடக்காத ஓர் ஊரின் வரலாறு. அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டிச் செல்லும் பன்னிரண்டாம் எண் நெடுஞ்சாலையில் அவ்வூர் உள்ளது. பெயர் மோனோவை. சாலையோரம் நிற்கும் பச்சை நிறப் பலகையில் ஊர்ப்பெயரும், பெயரை அடுத்து மக்கள்தொகையாக ‘1’ என்ற ஒற்றை எண்ணும் எழுதப்பட்டிருந்த நிழற்படம் உலகெங்கும் பரவியது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது, சட்டப்படி ஊராட்சியாகப் பதிவுபெற்று ஒரே ஒரு குடிமகனைக் கொண்டிருந்த ஊர், அமெரிக்கா முழுவதிலும் இது ஒன்றுதான்.

இதைப் படித்த பலர் வேடிக்கைச் செய்தியாகச் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். நான் அந்த எண்ணைக் கணக்கெடுப்பு அட்டவணையில் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். 1930இல் 123 பேர். 1980இல் 18 பேர். 1990இல் 6 பேர். 2000இல் 2 பேர். 2010இல் 1. எண்பது ஆண்டுகளில் ஓர் ஊர் கரைந்துபோன கதை ஐந்து எண்களில் அடங்கிவிடுகிறது. இந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு எழுந்த ஐயம் ஒன்றுதான். ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள், சரி. அவர்கள் செய்த வேலைகள் எங்கே போயின?

அதற்குப் பதில் தேடுமுன், அந்த மண்ணில் ஊர் தோன்றுவதற்கு முன்னிருந்த நிலையைச் சொல்லியாக வேண்டும். அட்டவணை அதைச் சொல்வதில்லை.

அப்பகுதி போன்கா என்னும் பழங்குடி மக்களின் தாயகம். அங்கே ஓடும் சிற்றாறு ஒன்று இன்றும் போன்கா ஓடை என்றே அழைக்கப்படுகிறது. 1868இல் அமெரிக்க அரசு சூ இனத்தாரோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையில், போன்கா மக்களின் நிலத்தையும் தவறுதலாகச் சூ இனத்தாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டது. தவற்றைச் செய்தது அரசு. தண்டனை போன்கா மக்களுக்கு! 1877இல் அவர்கள் தெற்கே, இன்று ஓக்லஹோமா எனப்படும் பகுதிக்குக் கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டனர். வழியிலும் புதிய இடத்திலும் பலர் மாண்டனர். தலைவர் ‘நிற்கும் கரடி’யின் மகனும் அங்கே இறந்தான். தன்னைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்பது மகனின் இறுதி விருப்பம். 1879 சனவரிக் குளிரில், சுமார் முப்பது பேருடன் மகனின் உடலைச் சுமந்துகொண்டு அந்தத் தந்தை வடக்கு நோக்கிப் புறப்பட்டார். இடத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறினார் என்று படையினர் அவரைச் சிறைப்பிடித்தனர். வழக்கு ஒமாகா நகர நீதிமன்றத்திற்கு வந்தது. அரசுத் தரப்பு வைத்த வாதம் இது: செவ்விந்தியர் சட்டத்தின் பார்வையில் ‘நபர்’ அல்லர், ஆகவே தம்மை விடுவிக்கும்படி நீதிமன்றத்தை நாட அவருக்கு உரிமையில்லை. அவரும் ஒரு நபரே என்று நீதிபதி எல்மர் டண்டி அவ்வாண்டு மே மாதம் தீர்ப்பளித்தார்.

பின்னாளில் ஒரே ஒரு நபரால் உலகப் புகழ் பெறவிருந்த நிலத்தின் கதை, யார் நபர் என்ற வழக்கைக் கடந்துதான் வருகிறது. அந்த மாவட்டத்தின் பெயரிலும் இப்படி ஒரு வழக்கு ஒளிந்திருக்கிறது. பாய்டு மாவட்டம் என்ற பெயர் ஆளுநர் ஜேம்ஸ் பாய்டு என்பவரால் வந்தது. அயர்லாந்தில் பிறந்த அவர் அமெரிக்கக் குடிமகனே அல்லர் என்று கூறி 1891இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்; மறு ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றம் அவர் குடிமகன்தான் என்று கூறி மீண்டும் அமர்த்தியது. கிளைக்கதை போதும், ஊருக்கு வருவோம்.

1862இல் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட குடியிருப்பு நிலச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் நிலத்தைச் சிறு பதிவுக் கட்டணத்தோடு வழங்கியது. கிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் நிலமற்றவர்கள் சாரை சாரையாக நெபிராஸ்காவிற்கு வந்தார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து இருப்புப் பாதை வந்தது. ஃபிரீமான்ட், எல்க்ஹார்ன் அன்டு மிசூரி வேலி என்ற நீண்ட பெயர் கொண்ட தொடர்வண்டி நிறுவனம் 1902இல் இவ்வழியே பாதை போட்டபோது பிறந்ததே மோனோவை. அங்கே மண்டிக்கிடந்த காட்டுப் பூக்களைக் கண்டு, ‘பூ’ என்று பொருள்படும் பழங்குடிச் சொல் ஒன்றை ஊருக்குச் சூட்டினார்கள் என்பர்.

அக்காலத்து இருப்புப் பாதை ஊர்கள் ஒன்றுக்கொன்று சிறு இடைவெளியில் அமைந்தன. அடுத்த ஊரான லிஞ்சு ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர் தொலைவுதான். காரணம் குதிரை! உழவர் தம் வண்டியில் தானியத்தை ஏற்றிக்கொண்டு காலையில் புறப்பட்டு, நிலையத்தில் இறக்கி, உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஆகவே குதிரையின் ஒரு நாள் நடைதான் ஊர்களுக்கு இடையிலான தொலைவை வகுத்தது. அந்தக் குதிரை எப்போது வேலையிழந்ததோ, அப்போதே இவ்வூர்களின் தேவையும் பாதியாகிவிட்டது.

அதன் செழிப்பான நாள்களில் மோனோவையில் அஞ்சலகம், மூன்று மளிகைக் கடைகள், உணவகங்கள், தேவாலயம், பள்ளி ஆகியவை இருந்தன. ஊரின் பரப்பு அரைச் சதுரக் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். நூற்றுச் சொச்சம் பேருக்கு இத்தனையா என்று வியக்க வேண்டாம். கடைகளின் வாடிக்கையாளர்கள் ஊருக்குள் இருந்தவர்கள் மட்டுமல்லர். சுற்றியிருந்த பண்ணை வீடுகளே ஊரை வாழவைத்தன.

இங்கே நம் மாணவர்களுக்கும் எளிதில் விளங்கும் கணக்கு ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஒரு சதுர மைல் என்பது 640 ஏக்கர். குடும்பத்திற்கு 160 ஏக்கர் என்றால் நான்கு குடும்பங்கள். குடும்பத்திற்கு ஆறு பேர் என்று வைத்துக்கொண்டால் 24 பேர். இன்று நெபிராஸ்காவில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு ஆயிரம் ஏக்கரை நெருங்குகிறது. அதாவது முன்பு ஆறு குடும்பங்கள் உழுத நிலத்தை இன்று ஒரு குடும்பம் உழுகிறது. அந்தக் குடும்பத்திலும் ஆறு பேர் இருப்பதில்லை. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் அத்தனை கைகள் தேவைப்படவில்லை. 1900இல் அமெரிக்க உழைப்பாளர்களில் நூற்றுக்கு 41 பேர் வேளாண்மையில் இருந்தனர். 2000இல் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. விளைச்சல் குறையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வயல்கள் பசுமையாகவே இருந்தன. வயலோரத்து வீடுகள்தாம் இருண்டன. 1920இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பாய்டு மாவட்டத்தில் 2020இல் 1,810 பேரே எஞ்சினர்.

இப்போது பள்ளிக்கு வருகிறேன். ஆசிரியர் எழுதும் பதிவில் பள்ளி இல்லாமலா?

அந்நாளைய நெபிராஸ்காவில் நாட்டுப்புறமெங்கும் ஓரறைப் பள்ளிகள். முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் ஒரே அறை, ஒரே ஆசிரியை. பெரும்பாலும் இருபது வயதைத் தாண்டாத பெண். குளிர்காலத்தில் விடியுமுன் வந்து அடுப்பு மூட்டுவார், தரையைப் பெருக்குவார், தண்ணீர் கொண்டுவந்து வைப்பார். பிறகு ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தும் பதினான்கு வயதுச் சிறுவனுக்குப் பின்னமும் ஒரே நேரத்தில் கற்பிப்பார். ஒரு வரிசை உரக்கப் படிக்கும்போது மற்ற வரிசைகள் கேட்டுக்கொண்டிருக்கும். சிறியவர்கள் பெரியவர்களின் பாடத்தைக் காதால் முன்கூட்டியே கற்றுக்கொண்டார்கள். பல்வகுப்புக் கற்பித்தல் என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாம் ஒரு பாடமாகப் படித்ததை அந்தப் பெண்கள் பெயர் தெரியாமலே செய்தார்கள். 1920களின் தொடக்கத்தில் நெபிராஸ்காவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருந்தன. பலவற்றுக்கு இத்தகைய ஒரே பள்ளிதான். இன்று மாநிலம் முழுவதற்கும் 250க்கும் குறைவான பள்ளி மாவட்டங்களே உள்ளன.

மோனோவையை ஒட்டிய பண்ணை ஒன்றில் வளர்ந்த எல்சி என்ற சிறுமியும் ரூடி ஐலர் என்ற சிறுவனும் இத்தகைய ஓரறைத் தொடக்கப்பள்ளியில்தான் அறிமுகமானார்கள். இடைநிலைக் கல்விக்குப் பேருந்தில் லிஞ்சுக்குச் சென்றார்கள். ரூடி வான்படையில் சேர்ந்து கொரியப் போர்க்காலத்தில் பணியாற்றினார். எல்சி விமான நிறுவன வேலைக்காக நகரம் சென்று பார்த்தார். நகரம் அவருக்குப் பிடிக்கவில்லை. பத்தொன்பது வயதில் ரூடியை மணந்து ஊரோடு தங்கிவிட்டார்.

அவர்கள் கண்முன்னே ஊர் ஒவ்வொரு கதவாக அடைபட்டது. தேவாலயத்தில் நடந்த கடைசி இறுதிச்சடங்கு 1960இல், எல்சியின் தந்தையுடையது. 1967க்கும் 1970க்கும் இடையில் அஞ்சலகமும் கடைசி மளிகைக் கடையும் மூடப்பட்டன. 1974இல் பள்ளி. இருப்புப் பாதையும் பின்னர் கைவிடப்பட்டது. இந்த வரிசையை நான் பலமுறை திரும்பப் படித்தேன். கடை போனால் பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்ளலாம், மகிழுந்து இருக்கிறது. கடிதத்தையும் அப்படியே பெற்றுக்கொள்ளலாம். பள்ளி மூடப்பட்ட ஊருக்குக் குழந்தையுள்ள இளங்குடும்பம் குடிவர வேண்டுமானால், அதற்கு மிக வலுவான காரணம் வேண்டும். மோனோவையில் அத்தகைய காரணம் ஏதும் இருக்கவில்லை. ஐலர் தம்பதியரின் இரு பிள்ளைகளும்கூட 1970களில் வேலை தேடி வெளியேறினார்கள்.

எல்லாரும் கடையை மூடிக்கொண்டிருந்த காலத்தில், 1971இல், ஐலர் தம்பதியர் எல்சியின் தந்தை முன்பு நடத்திய மதுக்கூடத்தை மீண்டும் திறந்தார்கள். மதுக்கூடம் என்றதும் பெற்றோர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அது உணவகமும் கூட. அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்கள் காலைக் காப்பிக்கும் நண்பகல் பர்கருக்கும் வந்து ஊர்க்கதை பேசும் இடம். அஞ்சலகமும் தேவாலயமும் போனபின், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு இருந்த இடம் அது ஒன்றே. சாலைவழி செல்லும் பாரவண்டி ஓட்டுநர்களும் அங்கே நிறுத்திச் சாப்பிட்டார்கள்.

2004இல் ரூடி காலமானார். மக்கள்தொகை ஒன்றானது.

இனி, நான் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்திற்கு வருகிறேன். நெபிராஸ்கா சட்டப்படி ஊராட்சி என்பது ஐந்து அறங்காவலர்களைக் கொண்ட மன்றத்தால் ஆளப்பட வேண்டியது. நூறு பேருக்குக் குறையாத ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஆனால் 2018இல் 84 வயதை எட்டியிருந்த எல்சி ஐலர் ஒருவரே அங்கு மேயர், செயலாளர், பொருளாளர், நூலகர், சமையற்காரர், பரிமாறுபவர். மேயர் தேர்தல் அறிவிப்பைத் தம் கடைச் சுவரில் தாமே ஒட்டினார். தமக்குத் தாமே வாக்களித்தார். மது விற்பனை உரிமத்திற்கு விண்ணப்பித்தால் அது ஒப்புதலுக்காக ஊராட்சிச் செயலாளருக்கு, அதாவது அவருக்கே, திரும்பி வரும். அதில் கையொப்பமிட்டுக் கடைக்காரராகிய தமக்கே கொடுத்துக்கொண்டார். தெருவிளக்குகள் நான்கு. அவற்றை எரிய வைக்கவும் தண்ணீர் தடையின்றி வரவும் ஆண்டுதோறும் சுமார் 500 டாலர் வரியைத் தம்மிடமிருந்தே வசூலித்தார். மாநில அரசின் சாலை நிதியைப் பெறுவதற்கு ஒவ்வோர் ஆண்டும் ஊர்ச் சாலைத் திட்டம் ஒன்றைத் தயாரித்து அனுப்பினார்.

நகைப்பாக இருக்கிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு அந்தப் படிவங்களை எண்ணிப் பார்த்தேன். 123 பேர் வாழ்ந்த ஊருக்கும் ஒரு சாலைத் திட்டம்தான். ஒருவர் வாழும் ஊருக்கும் ஒரு சாலைத் திட்டம்தான். மக்கள் குறைந்தார்கள் என்று எந்தப் படிவமும் சுருங்கவில்லை. பணிகள் ஊரைவிட்டுப் போகவேயில்லை. போனவர்கள் ஒவ்வொருவரும் தம் பங்கை எஞ்சியிருந்தவர் தோளில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். படிவங்களை அவர் நிரப்பாமல் விட்டிருந்தால் ஊராட்சி என்ற தகுதி மறைந்திருக்கும், விளக்குகள் அணைந்திருக்கும், வரைபடத்தில் பெயர் மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும். இதற்கிடையில் வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை, உணவகத்தில் நின்று சமைத்தும் பரிமாறியும் வந்தார். திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.

நூலகத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ரூடி பெரிய வாசகர். தாம் சேர்த்த நூல்களைக் கொண்டு ஒரு பொது நூலகம் அமைப்பது அவர் கனவு, நிறைவேறுமுன் மறைந்தார். எல்சி உறவினர்களின் உதவியோடு அதை முடித்து, உணவகத்தின் அருகே ஒரு சிறு வெள்ளைக் கொட்டகையில் ‘ரூடி நூலகம்’ திறந்தார். சுமார் ஐயாயிரம் நூல்களும் இதழ்களும். நூலகத்தின் அளவை ஊரின் மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு ஐயாயிரம் நூல். உலகில் எந்தத் தலைநகரமும் இதற்கு அருகில் வர முடியாது! சராசரி என்பது எப்படி நம்மை ஏமாற்றும் என்று ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பயன்படுத்துபவர்கள் சுற்றுவட்டாரப் பண்ணை வீட்டாரும் வழிப்போக்கர்களும்தாம்.

இந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி, “டீச்சர், அவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா மேயருக்கு யார் சொல்வாங்க?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நான் கரும்பலகையில் எழுதியிருந்த பதவிகளின் பட்டியலை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வசிக்கும் பண்ணையாளர்கள் அன்றாடம் உணவகத்திற்கு வருகிறவர்கள் என்றும், கதவு திறக்கவில்லை என்றால் அவர்களே முதலில் அறிவார்கள் என்றும் சொன்னேன். ஊராட்சி எல்லை என்பது வரைபடத்தில் போட்ட கோடு. அண்டை அயல் அந்தக் கோட்டுக்கு வெளியேயும் இருக்கும் என்பதை அன்று விளக்க வேண்டியதாயிற்று. அவள் நிறைவடைந்தாளா என்று தெரியவில்லை.

கதையில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் விவரங்கள் 2021 ஆகஸ்டில் வெளியானபோது மோனோவையின் மக்கள்தொகை 2 என்றிருந்தது. நூறு விழுக்காட்டு வளர்ச்சி! செய்தியாளர்கள் கேட்டபோது எல்சிக்கே வியப்பு. ஊரில் தம்மைத் தவிர வேறு எவரும் இல்லை என்றார். இரண்டாமவர் யார்?

அப்படி ஒருவர் இல்லை. அவர் எண்ணில் மட்டுமே பிறந்தவர். தனிநபர் விவரங்களை வெளிப்படுத்தக்கூடாது என்பது அமெரிக்கக் கணக்கெடுப்புச் சட்டம். கணினிகள் வலுப்பெற்றுவிட்ட காலத்தில், சிற்றூர்களின் அட்டவணைகளைப் பிற தகவல்களோடு பொருத்திப் பார்த்து, யார் எவர் என்று கண்டுபிடித்துவிட முடியும் என அஞ்சிய கணக்கெடுப்புத் துறை, 2020 முதல் புதியதொரு கணித முறையைக் கையாண்டது. மாநிலங்களின் மொத்த எண்ணிக்கையை மாற்றாமல், அதற்குக் கீழுள்ள சிறிய பகுதிகளின் எண்ணிக்கைகளில் மட்டும் வேண்டுமென்றே சிறு ஏற்றத்தாழ்வைக் கலந்தது. பெருநகரத்தில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் எவருக்கும் தெரியாது. மோனோவையில் தெரிந்துவிட்டது. ஒரே ஒருவர் வாழும் ஊரில் அவருடைய வயதையும் இனத்தையும் அச்சிட்டால் அது புள்ளிவிவரம் ஆகாது. அவருடைய அடையாள அட்டையாகிவிடும் அல்லவா? அவரை மறைக்க வேண்டுமானால் அருகில் இல்லாத ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவருடைய பெயரும் வயதும் உலகச் செய்தித்தாள்களில் எல்லாம் முன்பே வந்துவிட்டன!

அமெரிக்கச் சட்டப்படி கணக்கெடுப்பின் தனிநபர் படிவங்கள் 72 ஆண்டுகள் பூட்டப்பட்டிருக்கும். 1950ஆம் ஆண்டின் படிவங்கள் 2022 ஏப்ரலில் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. எல்சி பள்ளிச் சிறுமியாக இருந்த காலத்து மோனோவையை, வீடு வீடாக, பெயர் பெயராக, தொழிலோடு இப்போது எவரும் படிக்கலாம். 2020ஆம் ஆண்டின் படிவங்கள் 2092இல் திறக்கப்படும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது எண்பது வயதை நெருங்கியிருக்கும். மோனோவைக்குரிய பக்கத்தில் எத்தனை பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்பதை அவர்கள் அன்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.